தம்பிராசா குறித்துக் கொடுத்த நத்தார்

திருகோணமலைத் துறைமுகத்தில் தம்பிராசா என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். நத்தார் தம்பிராசா என்று விசாரித்தால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொடாத வாய், பத்திரகாளி கோயில் தேருக்கு வருடம் தவறாமல் வடம் பிடிக்கிற கை. இந்த மனிதருக்குக் கிறிஸ்மஸின் பெயரில் இப்படி ஒரு பட்டம் எப்படி ஒட்டியது என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

ஒட்டியதற்குக் காரணம் அவருடைய தொழில். உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்டுக் கிடக்கும் கப்பல்களுக்கு மரக்கறி, இறைச்சி, தண்ணீர்ப் போத்தல் என்று சாமான் கொண்டுபோகும் லோஞ்ச் படகை இருபத்தெட்டு வருடமாக அவர்தான் ஓட்டுகிறார். டிசம்பர் பிறந்தால் கப்பல்காரர் கேட்கும் சாமான்களே வேறு. பிலிப்பைன்ஸ்காரர் செப்டெம்பரிலேயே நத்தார்ப் பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். டிசம்பரில் காகித நட்சத்திரம் செய்ய மூங்கில் கேட்பார்கள். கிரேக்கர்கள் மரத்தைவிட ஒரு குட்டிப் படகுக்கு விளக்குச் சுற்றுவதில்தான் பிரியப்படுவார்கள். ஜப்பான்காரருக்குப் பொரித்த கோழி வேண்டும், அது இல்லாவிட்டால் நத்தாரே இல்லை. நோர்வேக்காரர் கொடிமரத்தின் உச்சியில் ஒரு மரத்தைக் கட்டிவிட்டு, பாற்சோற்றுக்குள் ஒரேயொரு பாதாம் பருப்பை ஒளித்துவைப்பார்கள். அது யாருடைய கோப்பைக்குள் வருகிறதோ அவருக்குப் பரிசு. ஒருமுறை அது தம்பிராசாவின் பல்லில் கடிபட்டது. கல் என்று நினைத்து அவர் கடலில் துப்பிவிட்டார். அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

ரஷ்யர், உக்ரைன்காரர், ஜோர்ஜியர் என்றால் மட்டும் ஜனவரி ஏழு. "அவங்கட கலண்டர் பழைய கலண்டர். பதின்மூண்டு நாள் பிந்தித்தான் யேசு பிறப்பார்" என்று துறைமுக வாசலில் உள்ள ஸைனுலாப்தீன் நானாவின் தேத்தண்ணிக் கடையில் அவர் விளக்கம் சொல்லும்போது, பாதர்மார் இருந்தால்கூடக் குறுக்கே பேசமாட்டார்கள். எல்லாம் தெரிந்தவர் என்ற பெயர் அவருக்குத் தேத்தண்ணியைவிட இனிப்பாக இருந்தது. அதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை, யாரையும் குத்தாதவரைக்கும்.

அவர் வீட்டுக் கதை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவருடைய அண்ணன் குணராசா எண்பத்தாறாம் ஆண்டு, பொங்கல் கழிந்து ஆறாம் நாள், சைக்கிளில் கந்தளாய்ப் பக்கம் போனவர். திரும்பி வரவில்லை. ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை, சொல்வதற்கு ஒரு சாட்சியும் இல்லை. பத்து வருடம் பார்த்திருந்துவிட்டு அம்மா ஒரு முடிவெடுத்தா. வீட்டை விட்டுப் போன நாளையே அவனுடைய நாளாக வைத்து இலை போடுவது. முதல் படையலன்று சிவகுருநாதன் சித்தப்பா வந்து நின்று, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"செத்த திதி தெரியாமல் திவசமோ மச்சாள்? நாள் நீங்களா குறிக்கிறதோ?"

அம்மா அகப்பையைப் பானைக்குள் விட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா. தம்பிராசா சித்தப்பாவைக் கையில் பிடித்து வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தவர்தான். அதன்பிறகு அவரோடு கதைக்கவில்லை, அவருடைய செத்த வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டா. இலை மட்டும் இன்றுவரை தவறவில்லை.

இனி 2023 டிசம்பருக்கு வருவோம். இயந்திரம் பழுதான ஒரு சரக்குக் கப்பல் உதிரிப்பாகத்துக்காக உள்துறைமுகத்தில் மூன்று கிழமையாகக் கிடந்தது. பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர், ஐந்து பேர் உக்ரைன்காரர். சமையற்காரன் பொக்தான் உக்ரைன். மெலிந்த, அதிகம் பேசாத பையன், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அவன் கொடுத்த துண்டில் மூன்று சாமான்கள் இருந்தன: முழுக் கோதுமை ஒரு கிலோ, தேன் ஒரு போத்தல், வைக்கோல் ஒரு கட்டு. கீழே, இருபத்துநாலுக்கு முன் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான்.

தம்பிராசாவுக்கு வாசித்ததுமே விளங்கிவிட்டது. உக்ரைன்காரர் நத்தாருக்கு முதல்நாள் கோதுமையைத் தேனில் பிரட்டிச் சாப்பிடுவார்கள், மேசைத் துணிக்குக் கீழே வைக்கோல் பரப்புவார்கள். இதெல்லாம் அவர் கண்ட கூத்து. தேதிதான் பிழை. பையன் அவசரத்தில் மாறி எழுதிவிட்டான் என்று நினைத்தார்.

இருபத்துமூன்றாம் தேதி பிலிப்பைன்ஸ்காரரின் சாமான்களோடு லோஞ்ச் போனது. கூட வந்தவன் கிண்ணியா இக்ராம், பதினைந்து வருடமாக அவருக்குக் கயிறு பிடிக்கிறவன். பெட்டிகளெல்லாம் ஏறி முடிந்தபிறகு பொக்தான் ஏணியடிக்கு வந்து, தன்னுடையது எங்கே என்று கேட்டான். பேச்சு முழுக்க இரண்டு பேருக்குமிடையே அரைகுறையான ஆங்கிலத்தில்தான் நடந்தது.

"உன்ர நாளுக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு. வைக்கோல் இப்ப தந்தால் பூசணம் பிடிக்கும். ஆறாம் தேதி புதுசாக் கொண்டு வாறன்."

"இல்லை ஐயா. நாளைக்கு. நாங்கள் நாளை மாற்றிவிட்டோம்."

"மாத்தினதோ? ஆர் மாத்தினது, யேசுநாதரோ?"

பிலிப்பைன்ஸ்காரர் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டால் தம்பிராசாவுக்கு வாய் நிற்காது. பொக்தான் கைப்பேசியை எடுத்து எதையோ காட்டுவதற்கு நீட்டினான். அவர் அதைப் புறங்கையால் விலக்கினார்.

"தம்பி, நீ பால் குடிக்கிற காலத்திலயே நான் உங்கட ஆக்களுக்கு நத்தார்ச் சாமான் ஏத்தினவன். எனக்கு நாள் சொல்லாதை."

பொக்தான் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, கப்டன்" என்றான். அவ்வளவுதான். திரும்பித் தான் சமைக்கிற குசினிக்குள் போய்விட்டான்.

கரைக்கு வரும்போது இக்ராம் மெதுவாகச் சொன்னான். "அண்ணை, அவன் சும்மா சொல்லமாட்டான் போல கிடக்கு. எங்கட பெருநாளும் பிறை கண்டால்தான். கலண்டரில வேற நாள் இருக்குதெண்டு நீங்கள் சொன்னால் நாங்கள் அண்டைக்கு நோன்பை விடுவமோ?"

"நீ கயித்தைப் பிடி" என்றார் தம்பிராசா.

அடுத்த நாள் மழை. லோஞ்சுக்கு வேலையில்லை. சந்தைக்குப் போய்க் கோதுமையும் தேனும் வாங்கிக் கப்பலடிக்குப் போய் வர இரண்டு மணித்தியாலம் போதும். உள்துறைமுகத்தில் மழை பெய்தாலும் அலை எழும்பாது. அவர் போகவில்லை. ஸைனுலாப்தீன் நானாவின் கடையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, யேசுநாதரோ மாத்தினது என்ற இடத்தை மூன்று முறை நடித்துக் காட்டினார். கடை குலுங்கிச் சிரித்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்றவன் கதையை இவர் கேள்விப்பட்டதில்லை போலும்.

மனிதர் கெட்டவரில்லை. ஜனவரி ஐந்தாம் தேதி பஸ் ஏறிக் கந்தளாய்க்குப் போய், வயற்காரர் ஒருவரிடம் நல்ல வெளிர்மஞ்சள் வைக்கோலாகப் பார்த்துப் பொறுக்கி வந்தார். மனைவி இலட்சுமி அதற்குச் சிவப்பு நாடா கட்டிக் கொடுத்தா. ஆறாம் தேதி பின்னேரம் கோதுமை, தேன், வைக்கோல் எல்லாவற்றையும் தானே தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, குசினி வாசலில் நின்று, "ஹப்பி கிறிஸ்மஸ்!" என்று கத்தினார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பொக்தான் கையைத் துடைத்துவிட்டு வந்து பையை வாங்கினான். நன்றி என்றான். கோதுமையை மாவு டின்னுக்குப் பக்கத்தில், சாதாரணச் சாமான் போல வைத்தான்.

அப்போதுதான் தம்பிராசா சாப்பாட்டு மேசைக்கு மேலேயிருந்த சுவர்த்தட்டைக் கண்டார். இராணுவ உடுப்பில் ஒரு பையனின் படம். அதற்கு முன்னால் ஒரு கோப்பை, கோப்பைக்குள் காய்ந்து விறைத்த சோறு, பக்கத்தில் ஒரு கரண்டி. அது என்னவென்று விளங்க அவருக்கு ஒரு மொழியும் தேவைப்படவில்லை. என்றாலும் வாய் சும்மா இருக்காதே. யார் இது என்று கேட்டார்.

"தரஸ். என் தம்பி. போன மாசியில், போரில்." பொக்தான் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னான். "ஏழாம் தேதி, அவனைக் கொன்றவர்களுக்கும் நத்தார். அந்த நாளில் விளக்கு ஏற்றமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டா. பிறகு நாட்டிலும் சட்டம் வந்தது. இந்த முறை எல்லோருக்கும் டிசம்பர் இருபத்தைந்து."

தம்பிராசா அந்தக் கோப்பையை இன்னொருமுறை பார்த்தார்.

"கோதுமையில் முதல் கரண்டி செத்தவர்களுக்கு. செத்தபிறகு அவனுக்கு இதுதான் முதல் நத்தார். அதுதான் கேட்டேன்." அவன் தோளைக் குலுக்கினான். "கோதுமை இல்லை. சோற்றுக்குள் சீனி போட்டேன். பரவாயில்லை. சோறும் நல்லது. தரசுக்குச் சோறு பிடிக்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். துறைமுகத்தில் வாங்காத திட்டா. இது அவரை ஆறுதல்படுத்தச் சொன்ன சொல். அதுதான் தாங்கவில்லை.

"அண்டைக்குக் கைப்பேசியில காட்ட வந்தது?"

"இந்தப் படம்தான்."

இப்போதாவது சமைக்கலாமே, எல்லாம் கொண்டுவந்திருக்கிறேனே என்று கேட்க வாய் எடுத்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் விளங்கியது, இன்றைக்கு அந்தப் பானை அடுப்பில் ஏறாது. வைக்கோலை அவன் திருப்பிக் கொடுத்தான். குசினியில் தீ பிடித்துவிடும், வைக்க இடமில்லை என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

வெட்கம் முகத்தில் ஏறும் என்பார்கள். தம்பிராசாவுக்கு அது காலில் இறங்கியது. இருபத்தெட்டு வருடம் ஏறி இறங்கிய ஏணியில் அன்றைக்குப் படி தப்பி, இக்ராம்தான் இடுப்பில் பிடித்து இறக்கினான். மன்னித்துக்கொள் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். அது தெரியாதவர் துறைமுகத்தில் இல்லை. அந்த ஒரு சொல்லை அவர் சொல்லாமலே வந்துவிட்டார்.

கரையில் வைக்கோல் கட்டோடு ஒளிய இடமில்லை. கடைக்காரர்கள் கண்டுவிட்டார்கள்.

"என்ன தம்பிராசா, எப்பிடி உங்கட உக்ரைன் நத்தார்?" என்று கேட்டார் ஸைனுலாப்தீன் நானா.

"நல்லாக் கொண்டாடினாங்கள். கோதுமைச் சோறு எனக்கும் தந்தவங்கள். வைக்கோல் மிஞ்சிப் போச்சு."

இக்ராம் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பிராசாவுக்கு அவனோடு நேராகக் கண் பார்த்துக் கதைக்க அதன்பிறகு ஏலவில்லை. வைக்கோலைப் பக்கத்து வீட்டு மாடு தின்றது. நாடாவை அவர் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார், ஏனென்று அவருக்கே தெரியாது.

பன்னிரண்டாம் தேதி உதிரிப்பாகம் வந்து கப்பல் போய்விட்டது. அது போகிற நேரம் தம்பிராசா இயந்திரத்தைத் திருத்துகிற சாக்கில் லோஞ்சின் அடித்தட்டில் குந்தியிருந்தார். இயந்திரத்தில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

பொங்கல் வந்தது. கழிந்து ஆறாம் நாளும் வந்தது. இலட்சுமி விடியவே எழும்பி, குணராசாவுக்குப் பிடித்த முருங்கைக்காய்க் குழம்பு, பூசணிக்காய்க் கறி, பாயாசம் எல்லாம் வைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையை விரித்தா. தம்பிராசா சோற்றை அள்ளினார். அள்ளிய கை இலைக்கு மேலே நின்றுவிட்டது.

நாள் நீங்களா குறிக்கிறதோ?

சித்தப்பாவின் குரல் அவர் காதில் இத்தனை வருடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்குக் கேட்டது தன்னுடைய குரலாக இருந்தது. சித்தப்பாவாவது ஒரு வீட்டுக்குள் நின்று சொன்னார். இவர் அதைக் கடையில் மூன்றுமுறை நடித்துக் காட்டினார். சித்தப்பாவைக் கைபிடித்து வெளியே விட்ட வீட்டில் தான் உட்கார்ந்திருப்பது அவருக்குக் கூசியது.

"என்னப்பா, போடுங்கோவன்" என்றா இலட்சுமி.

அவர் சோற்றைப் பானைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, ஏணியடியில் சொன்னது, கோப்பைச் சோறு, கடையில் சொன்ன பொய், ஒளிந்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அழுதார். இலட்சுமி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. இலையை ஒரு தட்டால் மூடினா.

"அந்தப் பிள்ளையிட்ட இனிச் சொல்ல ஏலாது. சிரிச்ச ஆக்களிட்டயாவது போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. பிறகு குணராசா அத்தானுக்குப் போடுவம்."

உப்புவெளி வீட்டிலிருந்து துறைமுக வாசலுக்குச் சைக்கிளில் இருபது நிமிடம். கடை நிறைய ஆட்கள். இக்ராமும் இருந்தான். அவரைக் கண்டதும் யாரோ, "வாங்கோ, யேசுநாதரை நாள் மாத்த வைச்ச ஆள்" என்று சிரித்தார்கள்.

தம்பிராசா கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். "அண்டைக்கு நான் சொன்னது பொய். எனக்கு ஒருத்தரும் கோதுமைச் சோறு தரேல்லை. அந்தப் பெடியன்ர தம்பி போரில செத்துப்போனான். அவனுக்குப் படைக்கத்தான் கோதுமை கேட்டவன். நான் கொண்டு போகேல்லை. அவன்ர படையலை நான்தான் கெடுத்தனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஸைனுலாப்தீன் நானா அடுப்பைக் குறைத்தார். இக்ராம் எழுந்து தன் கதிரையை அவருக்குப் பக்கத்தில் தள்ளினான். நானா, கேட்கலாமோ கூடாதோ என்ற மாதிரி இழுத்துக் கேட்டார்.

"அப்ப, உக்ரைன்காரருக்கு நத்தார் எண்டைக்குத் தம்பிராசா?"

"அவங்கள் சொல்லுற அண்டைக்கு, நானா."

தேத்தண்ணி குடிக்கவில்லை. வீட்டில் இலை மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.