காருக்குப் பொட்டு வைத்த கதை

போன வாரம் வெள்ளிக்கிழமை காலை, நோர்வூட் போகிற வழியில், கத்தியிருக்க வேண்டிய நேரத்தில் என் கார் கத்தவில்லை.

நல்ல மூடுபனி. பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஹட்டனிலிருந்து என் பாடசாலைக்கு அந்தப் பாதையில்தான் தினமும் போகிறேன். மெதுவாகத்தான் போனேன். ஒரு வளைவில் திரும்பினால் — நட்ட நடுப்பாதையில் ஓர் ஆட்டோ நிற்கிறது! பின்விளக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ஈரத்தில் கார் கொஞ்சம் வழுக்கி, ஆட்டோவை இடிக்க ஒரு முழம் இருக்கையில் நின்றது.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"பாத்து வாங்க டீச்சர்!"

நடுப்பாதையில் நிறுத்தியவர் அவர். பார்த்து வர வேண்டியவள் நான். சரி, அதை விடுங்கள்.

எனக்கு உறைத்தது வேறு விஷயம். இந்த மாதிரி நேரத்தில் 'பீப் பீப்' என்று அலறுவதும், நான் மிதிக்கத் தாமதித்தால் தானே பிரேக் போடுவதும் இந்தக் காரின் வேலை. அன்றைக்கு அது வாயையே திறக்கவில்லை. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கும் எனக்குப் புதிதில்லை. மூன்று வாரமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த விளக்குதான்.

கார் வாங்கியது தனிக் கதை. ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்த கார். நாங்கள் அதைப் 'புதுக் கார்' என்றுதான் சொல்கிறோம். எங்களுக்குப் புதிதுதானே? எங்கள் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்ட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. மெடிக்கலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், லைசென்ஸ் கிடைக்கவில்லை. அதனால் ஓட்டுவது நான் மட்டும்தான்.

நாற்பத்தெட்டு வயதில் ஓட்டப் பழகினேன். அதுவரை பஸ் வந்தால் பாடசாலை. பஸ் வராவிட்டால் மழையில் நின்று, போகிற வருகிற வேனையெல்லாம் கைகாட்டி நிறுத்தி, யாரோ ஒருவரின் தயவில் போய்ச் சேர வேண்டும். இப்போது வண்டியை எடுக்கிறேன், போகிறேன். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இது எவ்வளவு பெரிய சுகம் என்று பஸ் ஹோல்டில் நின்று நின்று காலம் தள்ளியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் காரைப் பழகுவது இருக்கிறதே... அது தனிப்பாடு.

ஓட்டப் பழக்குகிற லேர்னர்ஸில் நான் பழகியது கியர் மாற்றும் பழைய கார். இது ஓட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. என் இடது காலுக்கு அது புரியவில்லை. முதல் வாரம் ஹட்டன் டவுனுக்குள் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம், இல்லாத கிளட்சைத் தேடி இடது கால் போய் பிரேக்கை மிதிக்கும். கார் குதித்து நிற்கும். பின்னால் வருகிறவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சிக்னல் போடலாம் என்று கையை வைத்தால் வைப்பர் ஆடியது. ஹேண்ட் பிரேக்கைத் தேடினால் காலுக்குக் கீழே இருந்தது. டிக்கோயாவில் ஒரு சனக்கூட்டத்துக்கு நடுவே நின்றபோது எஞ்சின் தானாக அணைந்துவிட்டது. ஐயோ, வண்டி படுத்துவிட்டதே என்று வியர்த்துப் போனேன். பெட்ரோலை மிச்சப்படுத்த அதுவே அணைத்துக்கொள்ளுமாம். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகுமாம். எனக்கு யார் சொன்னது? கினிகத்தேனை இறக்கத்தில் D-யிலேயே விட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்தபடி இறங்கி, கருகிய வாசம் வந்த பிறகுதான், இறக்கத்தில் கியரைக் குறைத்துப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது.

போதாததற்கு, ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு ஜப்பான் பெண்குரல் ஏதோ நீளமாகச் சொல்லும். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் மரியாதையாக "சரிங்கம்மா" என்பார்.

புது வண்டி வந்தால் நாம் முதலில் கண்டுபிடிப்பது ஹாரனையும் ரேடியோவையும்தான். மற்றதையெல்லாம் வண்டியே நேரம் பார்த்து நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

வண்டி வந்த அன்றைக்கே கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசை முடித்துக் கொடுத்தார். மீதியை எங்கள் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். சந்தனக் கிண்ணத்தோடு காரைச் சுற்றி வந்து, வட்டமாக எதைக் கண்டாலும் ஒரு பொட்டு! வீட்டுக்கு வந்து ரிவர்ஸ் போட்டேன். திரை முழுவதும் மஞ்சளும் சிவப்பும். பின்பக்கக் கேமராவுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். பம்பரில் இருந்த சின்னச் சின்ன வட்டங்கள் பார்க்கிங் சென்சாராம். அவையும் ஓயாமல் கத்தின. அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே துடைத்தோம்.

அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு நாள் இருவரும் டவுனுக்குப் போனோம். முன்னால் போன பஸ், கைகாட்டிய ஒரு பெண்ணுக்காகச் சட்டென்று நின்றது. நான் இடது பக்கம் மரக்கறிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் அலறியது. நான் கால் வைப்பதற்குள் தானே பிரேக் போட்டு நின்றது. எங்கள் வீட்டுக்காரர் டேஷ்போர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தெய்வம் மாதிரி நிப்பாட்டிருச்சு பாத்தியா?"

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் காருக்கு மரியாதை கூடிவிட்டது. நான் பாடசாலைக்குப் புறப்படும் முன்பே அவர் குளித்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, முன்னால் இருக்கிற கம்பெனிச் சின்னத்தின் மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிடுவார். கேமராவையும் சென்சாரையும் தொட மாட்டார். அதில் மிகக் கவனம். சின்னம் என்ன, பெயர்ப்பலகை மாதிரிதானே? நானும் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. கூடவே ஜப்பான் எழுத்தில் ஏதோ ஒரு வரி. ஒரு நாள் எரியும். நல்ல மழை பெய்தால் மறுநாள் எரியாது. பிறகு திரும்ப எரியும்.

கராஜுக்குக் கொண்டுபோனேன். வண்டி ஒரே சேறாக இருந்ததால் முதலில் கழுவினார்கள். பிறகு மெஷினை மாட்டிப் பார்த்தார்கள். விளக்கு எரியவில்லை.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க டீச்சர்," என்றார் கராஜ்காரர். "நீங்க தெரியாம ஏதாச்சும் பட்டனை அமுக்கியிருப்பீங்க."

"நான் எதையும் அமுக்கல."

"லேடீஸ் புதுசா ஓட்டுறப்ப அப்பிடித்தாங்க வரும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆண் ஓட்டுகிற வண்டியில் விளக்கு எரிந்தால் வண்டியில் கோளாறு. பெண் ஓட்டுகிற வண்டியில் எரிந்தால் பெண்ணில் கோளாறு. இதை யாரும் எந்த மெஷினையும் மாட்டிப் பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை அந்த ஆட்டோ சமாசாரம் நடந்த பிறகு வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் முகம் வெளுத்துப் போனது. அன்றிரவே தம்பி ரவிக்கு ஃபோன் போட்டுவிட்டார். என் கொழுந்தன் ரவி நுவரெலியாவில் வேன் ஓட்டுகிறவர். வாகனம் சம்பந்தமாக எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க," என்றார் ஃபோனில். "மூடுபனிப் பாதை, ஒங்களுக்குப் பழக்கம் பத்தாது. அந்த வண்டியக் கேட்டு ஒரு ஆள் இருக்காரு. ஞாயித்துக்கெழமை வந்து எடுத்துக்கிட்டுப் போறேன். குடுத்துருவோம்."

"எனக்குப் பாடசாலைக்கு?"

"பஸ் இருக்குதானே அண்ணி? இவ்வளவு காலமும் போனீங்கதானே?"

எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரவி வருவதற்கு முன், காருக்குள் இருந்த மேனுவலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முழுவதும் ஜப்பான் மொழி. ஃபோன் கேமராவைக் காட்டினால் இங்கிலீஷில் மாற்றிக் கொடுக்கிறதல்லவா? ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக்கொண்டே போனேன். அந்த மஞ்சள் விளக்கின் படம் அகப்பட்டது. பக்கத்தில் காரின் முகம், அதில் கம்பெனிச் சின்னத்தைச் சுற்றி ஒரு வட்டம். ரேடார் இதற்குப் பின்னால் இருக்கிறது, இதன் மேல் எதையும் ஒட்ட வேண்டாம், பூச வேண்டாம், சுத்தமாக வைத்திருங்கள் என்று போட்டிருந்தது.

எழுந்து வெளியே ஓடினேன். சின்னமா? சின்னத்தையே காணோம்! கராஜில் கழுவிய பிறகு வாரா வாரம் வைத்த சந்தனம் ஒன்றின் மேல் ஒன்றாக அடையடையாகக் காய்ந்து, நடுவில் குங்குமம் பளிச்சென்று இருந்தது.

ஈரத்துணி எடுத்து வந்தேன். துடைக்கப் போனேன். கை போகவில்லை.

படித்தவள், சயன்ஸ் படிப்பிக்கிறவள்... எல்லாம் உண்மைதான். ஆனாலும் புருஷன் வைத்த குங்குமத்தை, காருக்கு வைத்ததாகவே இருக்கட்டும், ஈரத்துணியால் துடைத்து எடுக்க என் கை எழும்பவில்லை. அப்படியே நின்றேன்.

"என்ன செய்யிற?" பின்னால் எங்கள் வீட்டுக்காரர், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு.

"இந்தப் பொட்டுதாங்க எல்லாத்துக்கும் காரணம்! இதுக்குப் பின்னாலதான் ரேடார் இருக்கு. முன்னுக்கு என்ன வருதுன்னு வண்டி இது வழியாத்தான் பாக்குது. அத அடைச்சு வச்சிட்டீங்க. நான் பட்டன் அமுக்கினேன்னு ஊரே சொல்லுச்சு. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோப்பையை மதில் மேல் வைத்தார்.

"அன்னைக்கு பஸ்காரன் நிப்பாட்டுனப்ப நான் ஒன் பக்கத்துல இருந்தேன். மத்த நாள்ல நீ தனியாப் போற. போய்ச் சேந்துட்டேன்னு ஃபோன் வர்ற வரைக்கும் நான் இந்த வாசல்லயேதான் நிக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. டயர்ல காத்துப் பாக்கத் தெரியாது. ஒரு ஆபத்துன்னா ஓடி வரவும் வழியில்ல. ஏதோ... எனக்குத் தெரிஞ்சது பொட்டு வைக்கிறதுதான். அதையாச்சும் நல்லா வைப்போம்னுதான் வச்சேன்."

என்னிடமிருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. காரை விற்கச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டு நின்றாரே, அது நான் ஓட்டுவதில் நம்பிக்கை இல்லாததால் அல்ல. பயம். வாசலில் நின்று நின்று சேர்த்துக்கொண்ட பயம். இது தெரியாமல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

என் கையிலிருந்த துணியை வாங்கி அவரே துடைத்தார். நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். சின்னம் பளபளவென்று வெளியே வந்தது.

ரவி வந்தார். காரை எடுத்துக்கொண்டு டிக்கோயா வரை போய்த் திரும்பினார். ஒரு விளக்கும் எரியவில்லை. வேண்டுமென்றே முன்னால் போன லொறிக்குக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தாராம். அலறியதாம்.

"நல்லாத்தானே இருக்கு! என்னத்த மாத்துனீங்க அண்ணி?"

"மொகம் கழுவி விட்டோம்," என்றேன்.

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சொன்னார்: "வண்டிய விக்கிறதில்ல ரவி. அந்த ஆளுக்குச் சொல்லிரு. இது ஒங்க அண்ணி ஓட்டுற வண்டி."

எனக்காக அந்த ஒரு வார்த்தையை ஞாயிற்றுக்கிழமையாவது சொன்னாரே.

இந்த வெள்ளிக்கிழமை வந்தது. நான் பெல்ட்டையும் போட்டுக்கொண்டு காருக்குள் உட்கார்ந்துவிட்டேன். இவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். காரின் முன்னால் நின்றார். பம்பரைப் பார்த்தார், சென்சார். கண்ணாடிக்கு மேலே பார்த்தார், அங்கே ஒரு கேமரா. பின்னால் போனார், அங்கேயும் கேமரா. முழுவதும் ஒரு சுற்று சுற்றி, என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"அப்ப எங்கதான் வைக்கிறது?"

நான் கண்ணாடியை இறக்கி, முகத்தை வெளியே நீட்டினேன்.

ஒரு கணம் யோசித்தார். பிறகு வண்டிக்கு வைத்த அதே கெட்டியில், அதே அளவில், என் நெற்றியில் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார்.

நோர்வூட் தாண்டியும் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.