மலைப்பக்கம் யாரும் நடக்காத கண்காட்சி

கண்காட்சிகளுக்குக் கடைவரிசை அமைத்துக் கொடுப்பது என் தொழில். 2007 பிப்ரவரியில், மூன்று நாள் விவசாயக் கருவிக் கண்காட்சி ஒன்றுக்காகத் திருவண்ணாமலை சென்றேன். அங்கே கடை போட நினைப்பவர்களுக்கு உதவலாம் என்று இதை எழுதுகிறேன்.

கோயம்பேட்டில் காலை ஐந்தரைக்குப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறத்தாழ 190 கிலோமீட்டர், கட்டணம் எண்பது ரூபாய். பத்தரைக்கு இறங்கினேன். செங்கம் சாலைத் திடலுக்கு ஆட்டோவில் நாற்பது கேட்டார்கள். பேரம் பேச எனக்கு வராது, கொடுத்துவிட்டேன்.

என் திட்டம் ஆற்றிலிருந்து எடுத்தது. ஆறு வளையும் இடத்தில் உள்கரையில் நீர் மெதுவாகி மணல் தங்கும். அதுபோலத் திடலைச் சுற்றி நடைபாதையை வளைத்து, நின்று பேச வேண்டிய கருவிக் கடைகளை உள்கரையிலும், தின்பண்டக் கடைகளை வெளிக்கரையிலும் வைத்திருந்தேன். நடுவில், தூரத்திலேயே தெரியட்டும் என்று கூம்பு வடிவில் ஓர் உயரமான பந்தல்.

முதல் நாள் முறுக்குக் கடையில் நெரிசல். உள்கரையில் ஈ ஓட்டினார்கள். அங்கே கீழ்பென்னாத்தூர் செல்வி, தானும் தம்பியும் செய்த மல்லாட்டை உடைக்கும் மெஷினோடு உட்கார்ந்திருந்தார். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் மல்லாட்டை.

"மேடம், மணல் தங்கும்னு சொன்னீங்க. என் கடையில தூசிகூட தங்கல" என்றார்.

"நாளைக்குப் பார்க்கலாங்க."

"அறுவடைக்கு முன்னாடி இங்கதான் ஆர்டர் புடிக்கணும். கெடைக்கலன்னா பட்டறைய மூடிட்டு கம்பெனி வேலைக்குப் போறேன்னு தம்பி சொல்லிட்டான்."

நான் வரைபடத்தை மறுபடி எடுத்துப் பிரித்தேன்.

மறுநாள் விடியற்காலையில் கிரிவலம் கிளம்பினேன். பதினான்கு கிலோமீட்டர், எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. மலை நன்றாகத் தெரியட்டும் என்று வலது ஓரமாக நடந்தேன். பின்னால் வந்த ஓர் அம்மா தோளைத் தொட்டார்.

"லெஃப்ட்ல வாங்கம்மா. மலையோரம் சித்தருங்க போற வழி. நாம குறுக்க போவக்கூடாது."

அப்போதுதான் முன்னால் பார்த்தேன். எல்லோரும் இடது ஓரமாகவே போய்க்கொண்டிருந்தார்கள். மலையை ஒட்டிய பாதி வெறுமையாகக் கிடந்தது. நடுவில் கூம்பை நிறுத்தி நானும் ஒரு மலையைத்தான் செய்து வைத்திருந்தேன். அதன் ஓரமான உள்கரையில் ஊர்க்காரர்கள் எப்படி நடப்பார்கள்?

கூம்பைப் பிரிக்க நேரமில்லை. ஓடையில் கல் கிடந்தால் நீர் ஒதுங்கி மறுகரையைத் தொட்டுப் போகும். செல்வியின் கடைக்குச் சற்று முன்னால், வெளிக்கரையை ஒட்டிக் குடிதண்ணீர் டிரம்மையும் நான்கு பெஞ்சுகளையும் போடச் சொன்னேன்.

"சித்தருங்க வழியில ஜனங்கள விடுறீங்களே, கோச்சிக்க மாட்டாங்களா?" என்றார் செல்வி.

"கோச்சிக்கிட்டு வந்தா ஒரு மெஷின் வித்துடுங்க."

பத்து மணிக்குப் பிறகு கூட்டம் பெஞ்சுகளைச் சுற்றி உள்கரைக்கு ஒதுங்கியது. ஒரு விவசாயி நின்று கைப்பிடியைச் சுற்றினார்.

"பருப்பு ஜாஸ்தி ஒடையுமா?"

"கம்மிதாங்க. போட்டுப் பாருங்க."

ஒரு கை பருப்பை அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார். மூன்றாம் நாள் மச்சானோடு வந்து இரண்டு மெஷினுக்கு ஆர்டர் சொன்னார். இன்னும் சிலரும் சொன்னார்கள். சாயங்காலம் செல்வி என் பக்கத்தில் நின்றே தம்பியிடம் செல்லில் பேசினார்: "டேய், கம்பெனிக்கு வரலன்னு சொல்லிடு. வெல்டிங் ராடு வாங்கி வை."

ஆறுகளை நெடுநாள் கவனித்திருக்கிறேன். ஊர்க்காரர்களின் கால்களைக் கவனித்தது குறைவு. நீங்கள் போனால் பௌர்ணமியைத் தவிருங்கள், அறை கிடைக்காது. மலையை ஒருமுறை சுற்றிவிட்டு வரைபடம் போடுங்கள். கடை எடுப்பவர்கள் வெளிவரிசையில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் எதிரே ஒரு தண்ணீர் டிரம் கேளுங்கள்.