வந்த காரணம்

என் அத்தை குடிநீரைச் சோதிக்கும் அரசு வேலையில் இருந்தவர். ஆலைக் கழிவு கலந்து ஆற்றுநீர் நஞ்சாகிவிட்டது என்று அறிக்கை எழுதினார். மாற்றி எழுதச் சொன்னார்கள், மறுத்தார். ஆலையைத் தொடத் துணியாத அரசு, அத்தையை நாடு கடத்தியது. இங்கே வந்து ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போட்டார்.

குடியிருப்பு அட்டை வாங்க நானும் கூடப் போனேன். விண்ணப்பத்தில் ‘வந்த காரணம்’ என்ற இடத்தில் ‘நாடு கடத்தப்பட்டேன்’ என்று எழுதினார். எழுத்தர் தலையைச் சொறிந்தார்.

“வேலை தேடி வந்தேன்னு போடுங்கம்மா. இன்னைக்கே அட்டை கிடைச்சிரும். இப்படி எழுதினா விசாரணைன்னு மாசக்கணக்கா இழுத்தடிப்பாங்க.”

“நான் வேலை தேடி வரலீங்க. இருந்த வேலைய ஒழுங்கா பாத்ததுக்குத்தான் துரத்தினாங்க.”

“அத்தை, அட்டை இல்லாட்டி கடைக்காரர் நிறுத்திடுவாரு,” என்று கிசுகிசுத்தேன்.

“நிறுத்தட்டும்டா. வேலை தேடி வர்றது ஒண்ணும் கேவலமில்ல. ஆனா நான் அப்படி எழுதினா, என்னைத் துரத்தினவன் யோக்கியனாயிடுவான்!”

கடைக்காரர் நிறுத்தித்தான் விட்டார். அத்தை ஏழு மாதம் அடுக்குமாடிப் படிக்கட்டுகளைக் கழுவினார். அதன் பிறகே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

“இவ்வளவு பட்டுட்டீங்களே, அதே ஆத்துத்தண்ணிய இப்ப உங்ககிட்ட குடுத்தா என்ன எழுதுவீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“மறுபடி சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்,” என்றார் அத்தை.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அட்டையில் அன்றே கையெழுத்துப் போட்டார்.