பலகையில் ஒருவர் குறைகிறார்

கொடைக்கானல் பேருந்து பெருமாள்மலையில் நிற்கிறது. எதிரே யுனானி மருந்துக்கடை. போன வருடம் அதன் பலகையில் இரண்டு பேர் இருந்தார்கள். தாடி வைத்த கிரேக்க மருத்துவர் ஏட்டை நீட்ட, தலைப்பாகை கட்டிய அரபு மருத்துவர் வாங்கிக்கொண்டிருப்பார். இப்போது அரபுக்காரர் மேல் வெள்ளை பெயிண்ட்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கிரேக்க ஏடுகளை அரபியில் பெயர்த்து, நோயாளிகளிடம் சோதித்துப் பிழை திருத்தி, நம் ஊர் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவர்களின் முகத்திலா பெயிண்ட் அடிப்பது?

இறங்கிக் கடைக்குப் போய்க் கேட்கிறேன்: "யாரு பாய் அழிச்சது? போலீஸ்ல சொன்னீங்களா?"

கடைக்காரர் குல்கந்து டப்பாவைத் துடைத்தபடியே சொல்கிறார்: "நாந்தாங்க அடிச்சேன். வர்றவங்க படத்தப் பாத்து பாய் மருந்தான்னு கேட்டுட்டு, எடுத்த டப்பாவத் திருப்பி வச்சிட்டுப் போறாங்க. சரக்கு அப்பிடியே கெடக்கு. கிரீக் மெடிசின்னு சொன்னா ரெண்டு ரெண்டா வாங்குறாங்க."

"அதுக்காக அவரையா அழிப்பீங்க?"

சுற்றுலா வேன் ஒன்று வந்து நிற்கிறது. கடைக்காரர் தலையிலிருக்கும் தொழுகைத் தொப்பியைக் கழற்றுகிறார். அதை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டு, வாசலைப் பார்த்துச் சிரிக்கிறார்.