முதல் காட்சியில் சாக மறுத்த தாய்

1. பெரியகருப்பன் மகன் தவமணி ஆகிய நான் உத்தமபாளையத்தில் வழக்குரைஞராகத் தொழில் செய்துவருகிறேன். எவருடைய தூண்டுதலுமின்றி இதை எழுதுகிறேன்.

2. கம்பத்தில் கணினிப் பயிற்சி நிலையம் நடத்திவந்த அருள்மேரி எனக்கு உறவினர் அல்லர். முதலில் என் கட்சிக்காரர், பிறகு நண்பர்.

3. நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே சொல்வேன். கணினி விளையாட்டு ஆடுவதில் எனக்குத் தேர்ச்சி இல்லை என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

செய்தி வந்தபோது நீதிமன்ற வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் அழைத்தவர் செல்லப்பாண்டி. அருள்மேரியின் நிலையத்தில் அவருடன் வேலை பார்த்தவர், அவர் எழுதிய கதைக்குக் கணினியில் உருக்கொடுத்தவர்.

"சார், டீச்சர் போயிட்டாக."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். தொழில் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது.

"மணியா சார் கேக்குறீக?" என்றார் பாண்டி. மூன்று மாத நோய், முடிவு எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்திருந்தது எதையும் குறைக்கவில்லை.

அடக்கத்திற்குப் பின் மாதா கோயில் மண்டபத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவர் பேசும்போது, "தமக்கு வாய்க்காத தாய்மையைக் கணினித் திரையில் தேடிக்கொண்டவர்" என்றார். கூட்டம் உச்சுக்கொட்டியது. அவர் இரக்கத்தால் சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கூற்று உண்மைக்கு மாறானது. அன்று எழுந்து மறுக்காதது என் தவறு. என் ஆட்சேபணையை இப்போது பதிவு செய்கிறேன்.

தொண்ணூற்றெட்டு வாக்கில், பயிற்சி நிலையத்துக்கான கட்டட ஒப்பந்தத்தோடு அருள்மேரி என்னிடம் முதன்முதலாக வந்தார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "இது எதுக்கு வக்கீலய்யா?" என்று கேட்டார். வழக்கமான வரிதான் என்றேன். "வழக்கம்னா எழுத வேண்டியதே இல்லையே. எழுதுறாகன்னா ஏதோ இருக்கு" என்றார். முதுநிலை வழக்குரைஞர் ஒருவரிடம் ஐந்தாண்டு ஜூனியராக வேலை பார்த்திருந்தும் இவ்வளவு சுருக்கமாக இந்தப் பாடத்தை நான் கேட்டதில்லை.

அவருடைய நிலையத்தில் மாணவர்கள் பாடம் முடிந்ததும் விளையாட்டுக் குறுந்தகடுகளைப் போட்டு ஆடுவார்கள். விண்கலங்கள், வேற்றுக் கோள்கள், இயந்திர மனிதர்கள். மற்ற நிலையக்காரர்கள் விரட்டுவார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கூடவே உட்கார்ந்து பார்ப்பார். இப்படிப் பல மாதங்கள் பார்த்தபின் ஒரு நாள் என்னிடம் சொன்னார்:

"இந்தக் கதைகள்ல தாய்மாருக்கு மூணே வேலைதான் வக்கீலய்யா. ஒண்ணு, மொதல்லயே செத்துப் படத்துல தொங்குவா. இல்லாட்டி சுவத்துக்குள்ள இருந்து மிஷினுக் குரலாப் புத்தி சொல்லுவா. அதுவும் இல்லாட்டி, முட்டை விடுற பூதமா வந்து கடைசியில சுடுபடுவா. ஆயிரம் வருசம் கழிச்சு நடக்குற கதைங்குறாக. சோத்துவாளியத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போற ஒருத்தியக்கூட அங்கன காணோமே, எங்கதான் போனாளுக?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை இந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவருடைய தாயார் ஞானம்மாள் முப்பது ஆண்டுகள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலக்காட்டுக்குப் போய், பொழுது சாயத் திரும்பியவர். தந்தை இளமையிலேயே இறந்துவிட்டார். உடன்பிறந்தோர் இல்லை. காலையில் கண்விழிக்கும்போது தாய் மலையிலிருப்பார். மாலையில் வரும்போது பேசத் தெம்பில்லாமல் வருவார். "எங்கம்மாகிட்ட ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைதான் மிச்சம் இருக்கும். அதை நான் சண்டை போட்டே தீத்துருவேன்" என்று அருள்மேரி ஒரு முறை சொன்னார்.

அதுதான் 'மேட்டு நிலா' என்ற விளையாட்டானது. ஒரு கோளில் வாழும் பெண்கள் தினமும் சிறு கலத்தில் ஏறி, அதன் நிலவுக்கு வேலைக்குப் போகிறார்கள். மூச்சுக்காற்றைத் தரும் செடி அங்கேதான் விளைகிறது. ஆடுபவர் அப்பெண்களில் ஒருத்தி. வீட்டில் அவளுக்கு ஒரு மகள். முதுகிலுள்ள குடுவையில் அளவான மூச்சு இருக்கிறது. வேலையில் எவ்வளவு செலவழிகிறதோ, அவ்வளவு குறைவாகத்தான் மாலையில் மகளோடு பேசலாம். பேராசையோடு பறித்தால் வீட்டுக்கு ஊமையாய்த் திரும்ப வேண்டும். சுட ஆளில்லை. கொல்லப் பூதமில்லை. கடைசிக் கட்டம் என்பது தாய் வேலைக்குப் போகாத ஒரு நாள். குடுவை நிறைய மூச்சோடு அவள் மகளின் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நானும் அதுவரை ஆடிப் பார்த்தேன். பாண்டியின் உதவியோடு பதினோரு நாட்கள் ஆயின.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. நிலையத்துக்கு எதிரிலிருந்த டீக்கடையில் நானே கேட்டது இது:

"ஏலே பாண்டி, ஒங்க டீச்சர் நிலாவுக்கு எப்பக் கெளம்புறாக? எனக்கும் ஒரு சீட்டுப் போட்டு வைக்கச் சொல்லுடா."

பாண்டி பதில் சொல்லுமுன் நிலையத்தின் மாடியிலிருந்து அருள்மேரியின் குரல் வந்தது: "சீட்டு இருக்குண்ணே. தூக்குவாளி மட்டும் நீங்களே கழுவிக் கொண்டாரணும். அது முடியுமா?"

கடையே சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். அவர் வீட்டில் அதுவரை எந்த வாளியையும் அவர் கழுவியதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாயிரத்து ஏழில் வெளியூர் நிறுவனம் ஒன்று இந்த விளையாட்டை வாங்க முன்வந்தது. முதலில் சோதித்துப் பார்த்து, ஒரு பிழைப் பட்டியல் அனுப்பினார்கள். அதில் ஒன்று: 'ஆடுபவர் தன் வேலையை முடித்தபின்னும் கலம் புறப்படுவதில்லை, எல்லாப் பெண்களும் ஏறும்வரை நிற்கிறது. உடனே சரிசெய்யவும்.' பாண்டி அதைச் சரிசெய்யவே உட்கார்ந்துவிட்டார். அருள்மேரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது பிழை இல்லப்பா. ஆளு கொறஞ்சா ஜீப்பு கெளம்பாது. பிந்தி வந்தவளை வண்டியே சேந்து வைவாக. ஆனா விட்டுட்டு வரமாட்டாக. விட்டுட்டு வந்தா அவ பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

பட்டியலில் அந்த வரிக்கு எதிரே, 'இது இப்படித்தான்' என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

பிறகு ஒப்பந்தம் பேசத் தேனிக்கு நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார். விடுதியின் உணவறையில் அவர், அருள்மேரி, பாண்டி, நான் என நால்வரும் உட்கார்ந்தோம். கண்ணியமான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை.

"கதை ரொம்பப் புதுசா இருக்கு மேடம். ஒரே ஒரு மாற்றம்தான். முதல் காட்சியிலயே அம்மா இறந்துடணும். நிலவுல விபத்து. மகளுக்குப் பதிலா மகன். அவன் பழி வாங்கக் கிளம்புறான். ஆடுறவங்களுக்கு ஒரு கோபம் வரணுமில்லையா?"

"எனக்கும் எங்கம்மா மேல தெனமும் கோவம் வந்துச்சு சார். அவுக செத்ததால இல்ல. வேலைக்குப் போனதால. அந்தக் கோவத்தை வச்சு ஆடுங்களேன்."

"அம்மா உயிரோட இருந்தா கதை நகராது மேடம்."

"எங்க வீட்டுல அவுக இருந்ததாலதான் எல்லாமே நகந்துச்சு."

பிரதிநிதி, "தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு ஒரு குழந்தை இருந்திருந்தா நான் சொல்றது புரியும்" என்றார்.

மேசையில் இருந்த நாங்கள் மூவரும் தலைகுனிந்தோம். அருள்மேரி குனியவில்லை. "நான் பெறல சார். ஆனா பெறப்பட்டிருக்கேன்ல? அந்தப் பக்கத்துல இருந்து முப்பது வருசம் பாத்திருக்கேன். அது சாட்சி ஆகாதா?" என்றார்.

இங்கே என் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீண்ட பேச்சுக்குப் பின் அவர்கள் சற்று இறங்கிவந்து, மாற்றத்தை ஒப்பந்தத்தில் வெளிப்படையாகக் குறிப்பிடாமல், 'தேவைப்படும் மாற்றங்களைச் செய்யும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு' என்ற ஒரு ஷரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அது எல்லா ஒப்பந்தங்களிலும் இருப்பதுதான் என்றும், கையெழுத்திடலாம் என்றும் நான் அறிவுரை கூறினேன். அருள்மேரி என்னைப் பார்த்தார். "கொலையைக் கதவு வழியா விடமாட்டோம்னோம். சன்னல் வழியா விடச் சொல்றீகளா வக்கீலய்யா?" என்று கேட்டுவிட்டு, அந்த ஷரத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிரதிநிதி தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு புறப்பட்டார். என் அறிவுரை வழக்கமானது, ஆனால் தவறானது. வழக்கமும் சரியும் ஒன்றல்ல என்பதை அறிய எனக்கு நாற்பத்தாறு வயதாயிற்று.

சென்ற மாதம் அந்நிறுவனத்திலிருந்து மீண்டும் கடிதம் வந்தது. ஆழ்ந்த இரங்கலுக்கு ஒரு பத்தி. அதன் கீழே அதே மாற்றங்கள். மணமாகாதவர், தந்தையும் உடன்பிறந்தோரும் இல்லாதவர் என்ற முறையில் அருள்மேரியின் உரிமைகள் அனைத்தும் தாயாரைச் சேரும். எனவே கடிதத்தை எடுத்துக்கொண்டு, முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் முற்பகல், பாண்டியோடு ஞானம்மாளைப் பார்க்கப் போனேன்.

முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், "வாங்கய்யா, வாப்பா பாண்டி" என்று அழைத்து உட்காரவைத்தார். நான் கடிதத்தை வரிவரியாகப் படித்து விளக்கினேன்.

"அந்தப் பொம்பள எதுக்குச் சாகணுமாம்?"

"மகனுக்கு ஆத்திரம் வருவதற்காக, அம்மா."

"ஆத்தா செத்தாத்தான் அவனுக்கு ரோசம் வருமாக்கும்? உசுரோட இருக்கையில வராதாமா? வெளங்காத பய."

பாண்டி சிரித்துவிட்டார். ஞானம்மாளும் சிரித்தார், ஒரு கணம்தான். "ஒருத்தியக் குழிக்குள்ள வச்சுட்டு இப்பத்தான்யா வந்து உக்காந்திருக்கேன். இவளையும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பணுமா?"

என் கடமை என்பதால் மறுபக்கத்தையும் சொன்னேன். மறுத்தால் வேறு எவரும் வாங்காமல் போகலாம். ஆடுவாரின்றி இது ஒரு குறுந்தகடாகவே கிடந்துவிடலாம்.

"கெடக்கணும்னு யாரு சொன்னா? மிஷினு வச்சிருக்க பிள்ளைக அம்புட்டுப் பேருக்கும் சும்மா குடுங்க. எம்மக செஞ்சதை நாலு பேரு பாக்கட்டும். ஆனா இவளை மட்டும் ஒருத்தனும் கொல்லக் கூடாது. அதைக் கெட்டியா எழுதுங்கய்யா."

அங்கேயே எழுதினேன். என் தொழில் வாழ்வில் நான் எழுதியவற்றில் ஆகச் சிறிய ஆவணம் அது: 'மேட்டு நிலா என்னும் இவ்விளையாட்டை எவரும் படி எடுக்கலாம், ஆடலாம், பிறருக்குக் கொடுக்கலாம், இதில் வரும் தாயின் சாவை எழுதும் உரிமை எவருக்கும் இல்லை.' ஞானம்மாள் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திட்டார். இப்போது ஒவ்வொரு தகட்டோடும் அந்த வாசகம் போகிறது. இதுவரை சின்னமனூர், தேவாரம், ஆண்டிபட்டி வரை போயிருப்பதாகப் பாண்டி சொல்லக் கேட்டேன்.

இந்த வாசகம் எந்த நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. எவராவது மீறினால் நான் வழக்காடுவேன் என்பதை உறுதியாகச் சொல்ல இயலும்.

ஆகவே மண்டபத்தில் பேசிய பெரியவருக்கும், உச்சுக்கொட்டிய நம் எல்லோருக்கும் இதைத் தெரிவித்துக்கொள்கிறேன். அருள்மேரி தமக்கு இல்லாத எதையும் திரையில் தேடவில்லை. தமக்கு இருந்த ஒன்றை, எதிர்காலம் என்று சொல்லி எவரும் அழித்துவிடாதபடி காத்தார். அதற்காகத் தம் பெயர் வெளியே தெரியும் வாய்ப்பை அவர் இழந்தார். அதை எண்ணி அவர் வருந்தி நான் பார்த்ததில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். இப்போதெல்லாம் எந்தப் பத்திரம் என் மேசைக்கு வந்தாலும், சொத்து விவரத்துக்கும் எல்லைகளுக்கும் முன்னதாக, இது நகர்வதற்காக இதில் யாரைச் சாகடித்திருக்கிறார்கள் என்று தேடுகிறேன். பெரும்பாலும் ஒருத்தி இருக்கிறாள். பாகம் கேட்காத சகோதரி, பெயர் விடுபட்ட மனைவி, 'காலமானார்' என்று எழுதப்பட்டு வேறு ஊரில் உயிரோடிருக்கும் ஒரு தாய். அவளைக் கண்டுபிடித்து உள்ளே எழுதும்வரை நான் கையெழுத்திடுவதில்லை. கட்சிக்காரர்கள் சிலர் இதனால் என்னைவிட்டுப் போய்விட்டார்கள். போகட்டும்.

மேற்கண்டவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

இடம்: உத்தமபாளையம்
(ஒப்பம்) பெ. தவமணி, வழக்குரைஞர்

சாட்சிகள்:
ஞானம்மாள், அருள்மேரியின் தாயார், கம்பம்
செல்லப்பாண்டி, அருள்மேரியுடன் பணிபுரிந்தவர், கம்பம்