ஐந்துக்கு மூன்று

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க ஐஸ் ஹாக்கி ஆடும் பையன் ஒருவன் தங்கியிருந்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களைக் கராஜுக்குக் கூட்டிப்போய் மூச்சை நன்றாக உள்ளே இழுக்கச் சொல்வேன். ஹாக்கிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் கவசங்களுக்கு ஒரு நாற்றம் உண்டு. மோரில் ஊறிய காலுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் போனபிறகு இரண்டு கார் மாற்றிவிட்டோம், அது மட்டும் போகவில்லை.

எல்லாம் ஒரு துண்டு கேக்கில் ஆரம்பித்தது. அப்போது நான் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். பக்கத்து மேஜை அமெரிக்கப் பெண்மணி, உள்ளூர் இளைஞர் ஹாக்கி அணியின் பையன்களுக்கு வீடு தேடித் தரும் பொறுப்பையும் வைத்திருந்தாள். பெரிய அணிகளுக்கு ஆள் தயார் செய்கிற அணி அது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் எங்கெங்கிருந்தோ வருவார்கள், சீசன் முடியும்வரை ஊர்க்காரர்கள் வீட்டில் தங்கி ஆடுவார்கள். தேறுகிறவன் மேலே போவான், தேறாதவன் வீட்டுக்குப் போவான். கடைசி நேரத்தில் ஒரு குடும்பம் பின்வாங்கிவிட்டதாம். அவள் என்னைக் கேட்டபோது அவளுடைய பிறந்தநாள் கேக்கின் இரண்டாவது துண்டு என் வாயில் இருந்தது. அந்த நிலையில் முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

"வீட்ல முட்டைக்கு மேல ஒண்ணும் கிடையாது. அந்தப் பையன் என்னத்த சாப்பிடுவான்?" என்றார் கணவர்.

"சாம்பார் சாப்பிடட்டும்."

"ஹாக்கி பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"சாப்பாடு போடறதுக்கு ஹாக்கி எதுக்குங்க தெரியணும்?"

வந்தவன் மினசோட்டாவில் பால்பண்ணை வைத்திருப்பவரின் மகன். எங்கள் வீட்டு வாசற்படியில் குனிந்து நுழையும் உயரம். எதிரணிக்காரன் கோல் பக்கம் வந்தால் இடித்துத் தள்ளுவது அவன் வேலை. முதல் ஞாயிற்றுக்கிழமை பதினான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு இதற்கு அப்புறம்தான் வருமா என்று மரியாதையாகக் கேட்டான். மறுநாளே, நம்மூர்க் கடைகள் இருக்கும் ஐசலினுக்குப் போய்ப் பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கினோம். முதல் வாரம் என்னை மேடம் என்றான். வீட்டுக்கு வந்துபோகும் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்து இரண்டாவது வாரமே ஆன்ட்டி என்று ஆரம்பித்துவிட்டான். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. சட்டையில் சிந்தாமல் ரசம் சாதம் சாப்பிடுவது எப்படி என்று அவள் அவனுக்கு ஆங்கிலத்தில் பாடம் எடுத்தாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அணியிலிருந்து ஒரு தாள் வரும். பனியில் பையன் எப்படி ஆடுகிறான் என்பதைப் பயிற்சியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் எப்படி இருக்கிறான் என்பதை நாங்கள் எழுதித் தரவேண்டும். தூக்கம், சாப்பாடு, ஒழுங்கு, பொறுப்பு, தோற்ற அன்று கோபத்தை எங்கே வைத்துக்கொள்கிறான் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடவேண்டும். அடியில் குறிப்பு எழுத நான்கு கோடு.

"நீதான க்வாலிட்டி கன்ட்ரோல். நீயே ஃபில் பண்ணு" என்று கணவர் தாளை என் பக்கம் தள்ளினார்.

பண்ணினேன். எல்லாவற்றுக்கும் மூன்று.

மூன்று என்றால் என் கணக்கில் தங்கமான பையன் என்று அர்த்தம். ஈரோட்டில் நான் பள்ளியில் முதலாவதாக வந்தபோது, பாராட்ட வந்த டீச்சரிடம் என் அம்மா சொன்னது, "ஏதோ சுமாரா படிக்கிறா, கணக்குல கவனம் பத்தாது." கணக்கில் நான் நூற்றுக்கு நூறு. டீச்சர் தெருவைத் தாண்டுவதற்குள் எனக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாகிவிட்டது. நம் பிள்ளையை நாமே புகழ்ந்தால் கண் பட்டுவிடும், பிள்ளைக்கும் தலைக்கனம் வந்துவிடும். அடுத்த வீட்டுப் பிள்ளையைத்தான் வாயாரப் புகழவேண்டும். அந்தப் பையனை நான் அடுத்த வீட்டுப் பிள்ளையாக வைத்திருந்தால் முதல் வாரமே ஐந்து போட்டிருப்பேன். நவம்பரிலேயே அவன் எங்கள் பிள்ளையாகிவிட்டான். அதனால் ஒழுங்குக்கு மட்டும் இரண்டாகக் குறைத்தேன்.

குறிப்புக்கான கோடுகளையும் நான் வீணாக்கவில்லை. "பரவாயில்லை." "இன்னும் முன்னேற வேண்டும்." "மோசம் என்று சொல்வதற்கில்லை." ஒரு தடவை, அவன் கேட்காமலே பக்கத்து வீட்டு வாசலின் பனியையெல்லாம் வாரிப் போட்டதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோய், "தயவுசெய்து இவனைப் பாராட்டிவிடாதீர்கள்" என்று எழுதினேன்.

ஜனவரியில் அணியின் டெவலப்மென்ட் டைரக்டர் போன் செய்தார். பையன்களை எடைபோட்டு, யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். வெள்ளிக்கிழமைக்குள் ஒருவனை ஊருக்கு அனுப்பியாக வேண்டும் என்றார். எங்கள் பையன், இன்னொருவன், இருவரில் ஒருவன். பனியில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை, ஆகவே வீட்டிலிருந்து வந்த தாள்களைத்தான் பார்க்கிறோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, குடிக்கிறானா, உங்களிடம் மரியாதைக் குறைவாக நடந்தானா, பயப்படாமல் சொல்லுங்கள் என்று கேட்டார்.

ஊருக்குப் போனால் அவனுக்கு மாட்டுக்கொட்டகைதான், ஹாக்கி அதோடு முடிந்தது. அதை அவனே எங்கள் மேஜையில் உட்கார்ந்து, சிரித்தபடி, மூன்றாவது தட்டுத் தயிர்சாதத்தின் நடுவே சொல்லியிருந்தான்.

நேரில் வருகிறேன் என்று சொல்லி, மறுநாள் மாலை, அவர்கள் ஆடும் பனித்தளமான ரிங்க்குக்குப் போனோம். மகளை விட்டுவிட்டு வர இடமில்லாததால் அவளும் வந்தாள். டைரக்டர் பழைய ஆட்டக்காரர். கழுத்து என்று தனியாக ஒன்று தெரியவில்லை. முன்பல் இரண்டு இல்லை. மேஜைமேல் இரண்டு கோப்புகளைத் திறந்து வைத்தார். மற்றவனுடைய தாள்களில் மேலிருந்து கீழ்வரை ஐந்து, ஓரத்தில் சிவப்பு மையில் இதயம். எங்கள் தாள்களில் மூன்று, மூன்று, இரண்டு. "பாராட்டிவிடாதீர்கள்" என்ற வரிக்கு அடியில் யாரோ மஞ்சள் கோடு இழுத்து, மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார்கள்.

"அவன் நல்ல பையன்தான்" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வாய் வரவில்லை. அந்நிய மனிதர் முன்னால் உட்கார்ந்துகொண்டு நம் பிள்ளையை எப்படிப் புகழ்வது? கூச்சமாக இருந்தது. புகழத்தானே வரவில்லை, ஆய்வக அறிக்கை மாதிரி நடந்ததை அப்படியே சொல்வோம் என்று தோன்றியது. ஆறு கோல் வாங்கித் தோற்ற அன்று வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பாத்திரம் முழுவதையும் தேய்த்துவைத்தான். குழம்புச் சட்டியைக்கூட விடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் மகளை ஸ்கூலுக்கு நடத்திக் கூட்டிப்போனான். மாடு கறந்து பழகியவன், அலாரம் இல்லாமல் விடியுமுன் எழுந்து, எங்களை எழுப்பிவிடக்கூடாது என்று படிக்கட்டில் காலுறையோடு இறங்குவான். காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிந்தாலும் தட்டில் மிச்சம் வைக்கமாட்டான்.

டைரக்டர் பேனாவை எடுத்தார். அப்படியானால் பொறுப்புக்கு எத்தனை போடலாம் என்றார்.

"நாலு" என்றேன்.

கணவர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். "அஞ்சு போடு. இது ஒண்ணும் உன்னோட மாத்திரை இல்ல."

"நாலரை."

"நாலரைன்னு ஒண்ணு இல்லம்மா!" என்றாள் மகள்.

"அஞ்சு" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ஐந்து, எல்லாவற்றுக்கும் ஐந்து, இதுமாதிரிப் பையன் கிடைக்கமாட்டான், அவனை அனுப்பாதீர்கள் என்று அழுதுகொண்டே சொன்னேன். ஒழுங்கு என்று வந்தபோது கராஜ் ஞாபகம் வந்து ஒரு நொடி தயங்கினேன். அதற்கும் ஐந்தே சொன்னேன், கடவுள் மன்னிப்பார்.

பிறகு ஏன் இத்தனை நாள் மூன்று போட்டீர்கள் என்று அவர் கேட்டார். கண் படும் விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். படித்த பெண், அதிலும் கெமிஸ்ட், இப்படி உளறுகிறாளே என்று நினைப்பார் என எதிர்பார்த்தேன். அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரணி ஒரு கோலும் போடாத ஆட்டத்தில், கடைசி மணி அடிக்கும்வரை கோல்கீப்பரிடம் யாரும் அதைப்பற்றி மூச்சுவிட மாட்டார்கள், வாய்தவறிச் சொன்னால் அடுத்த நிமிஷம் கோல் விழும் என்றார். தான் ஆடிய காலத்தில் இடதுகால் சறுக்குக் காலணியைத்தான் முதலில் மாட்டுவாராம். ஒரே ஒரு நாள் மாற்றி மாட்டினாராம். முன்பல் இருந்த இடத்தைத் தொட்டுக்காட்டினார். உப்பு எத்தனை கைப்பிடி, எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்றெல்லாம் கேட்டு, மற்றவனுடைய கோப்பின் அட்டையிலேயே குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பையன் கராஜ் வழியாக ஓடிவந்து, நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, என்னைக் கரண்டியோடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவனை வைத்துக்கொண்டுவிட்டார்கள். அதோடு விட்டானா? நான் சொன்னதையெல்லாம் டைரக்டர் எழுதி அவனிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார். அதை மேஜையில் விரித்துவைத்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தான். குழம்புச் சட்டிகூட அதில் இருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உப்பு எடுக்கும் சாக்கில் அடுக்களைக்குப் போய் நின்றுகொண்டேன்.

மகள் பின்னாலேயே வந்தாள். அன்றைக்கு அவளுடைய ஸ்கூல் ரிப்போர்ட் கார்டும் வந்திருந்தது. எல்லாம் ஏ, ஒன்றே ஒன்று பி. வந்த உடனே நான் கேட்டிருந்த கேள்வி, அந்த பி ஏன் என்பதுதான். அவள் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றாள்.

"ரிங்க்ல அழுதியே, அதெல்லாம் நிஜமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நிஜம்தான்."

"ஓகே" என்று திரும்பினாள்.

அந்த ஓகே என்னை உலுக்கிவிட்டது. நான் பெற்ற பெண். பதினொரு வருஷமாக ஒவ்வொரு நாளும் மனசுக்குள் ஐந்து போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தாளிலும் எழுதியதில்லை, ஒரு ஆளிடமும் சொன்னதில்லை, அவளிடமே சொன்னதில்லை.

"இங்க வா" என்றேன். "நீ ரொம்ப நல்ல பொண்ணு. உன்ன நெனச்சா எனக்கு அவ்ளோ பெருமையா இருக்கு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தாள், ஹாலில் இருந்த அப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"யார் செத்துட்டாங்க?" என்றாள்.

"யாரும் சாகலடி. சும்மாதான் சொன்னேன்."

"சும்மாவா?"

"சும்மா."

அவள் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "அப்படின்னா இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.