மாரிசெல்விக்கு ஒரு ஃபோம் பாய்

எங்கள் தாராவிச் சந்துப் பெண்களுக்கெல்லாம் ஆறுமுகத்தாய் அக்காமேல் பொறாமை உண்டு. அவள் வீட்டுக்காரர் கணேசபாண்டியன் அண்ணன் சாப்பாட்டில் குற்றமே சொல்லமாட்டார். குழம்பு அடிப்பிடித்திருந்தாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவுவார். என் வீட்டுக்காரரோ ரசத்தில் பெருங்காயம் கொஞ்சம் கூடினால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கிவைத்திருப்பார். "அண்ணன் தங்கமான மனுசன்" என்று அவர் காதில் விழுகிற மாதிரி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அண்ணனிடம் நான் கண்ட ஒரே குறை, அசமந்தம். போன மாதம் அவர் வீட்டில் கேஸ் டியூப் கசிந்து சந்து முழுக்க நாறியது. ஓடிப்போய்ப் பார்த்தால் மனுசர் சாமி விளக்கு ஏற்றத் தீப்பெட்டியும் கையுமாக நிற்கிறார். பிடுங்கி எறிந்துவிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினேன்.

தோல் பை செய்யும் கார்கானாவில் அவருக்கு வேலை. திருநெல்வேலியிலிருந்து வாலிப வயதில் வந்தவர். அன்றிலிருந்து ஜன்னல் இல்லாத மூலையில் உட்கார்ந்து தோலுக்குச் சொல்யூஷன் பசை தடவி ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

மகள் மாரிசெல்வி, காலேஜ் பிள்ளைகளோடு கர்ஜத் பக்கம் மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீடில்லாதவர்கள் ரோட்டில் படுக்கிற இந்த ஊரில், வீட்டை விட்டுவிட்டுப் பணம் கட்டித் தரையில் படுக்கவா? அண்ணனுக்கு அதுவல்ல கவலை. போன தடவை வெறும் பெட்ஷீட்டில் படுத்துத் தரைக்குளிர் ஏறி, வீசிங்கோடு வந்து சேர்ந்தாள் பிள்ளை. இந்தத் தடவை நல்ல பாய் இல்லாமல் அனுப்பமாட்டேன் என்று நின்றார்.

அப்பாவும் மகளும் மாட்டுங்காவில் ஒரு கடைக்குப் போனார்கள். மலிவான பாய் அப்பளம் மாதிரி இருந்ததாம். தடிமனான பாயின் விலையைக் கேட்டதும் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாராம். வந்ததும் என்னிடம் சொன்னார்:

"ஸ்பாஞ்சு பனியக் குடிச்சிரும்மா. கருப்பு ஃபோம் குடிக்காது. நாங்க பைக்குள்ள வைக்கதும் அதான். ரெண்டு ஷீட்ட சேத்து ஒட்டி நானே செஞ்சிருதேன்."

செய்தும்விட்டார். ஃபோம் விற்கும் ஹனீபின் கடையில் மிஞ்சிய ஷீட்டுகளை வாங்கி, உள்ளே சொல்யூஷனைத் தாராளமாகத் தடவி ஒட்டி, ஓரத்துக்கு ரெக்சின் வைத்துத் தைத்து, தோளில் மாட்ட வார் வேறு. புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பெருமையாகக் கொண்டுவந்து விரித்தார். நானும் அங்கே இருந்தேன்.

குப்பென்று மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. மாரிசெல்வி இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடி இன்ஹேலரைத் தேடினாள்.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "என்னங்க இது, இப்படி நாறுது? கூடாரத்துக்குள்ள இதுல படுத்தா பிள்ளை மூச்சுமுட்டிச் செத்துல்லா போவா!"

"நாத்தமா? காயவச்சு, மோந்து பாத்துட்டுதான கொண்டாந்தேன்" என்றார் அண்ணன். குனிந்து பாயில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தார். "ஒண்ணும் வரலியே."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கேலியே இல்லை.

மாரிசெல்வி இருமல் அடங்கியதும் உள்ளே வந்து, பெருங்காய டப்பாவைத் திறந்தாள்.

"எப்பா, கண்ண மூடுங்க. இது என்ன சொல்லுங்க."

"எது? ஒண்ணுமே வைக்காம கேக்கியே, என்னட்டி விளையாட்டு?"

டப்பா அவர் மூக்கை உரசிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தத் தீப்பெட்டிதான் கண்முன் வந்தது. ஐயோ, அன்றைக்கு அந்த மனுசனையா அப்படித் திட்டினேன்!

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்பம் இத்தன நாளும் நான் வச்ச குழம்பு?"

"சூடு தெரியும். உப்பு, உறைப்பு தெரியும்" என்றார் அண்ணன். "மத்தது எப்பம் போச்சுன்னே தெரியல."

மறுநாள் மாரிசெல்வி அந்த அப்பளப் பாயிலேயே இரண்டு வாங்கி, ஒன்றின்மேல் ஒன்று போட்டுப் படுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினாள். படியிறங்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, நான் வரவரைக்கும் எங்க வீட்டு கேஸ கொஞ்சம் மோந்து பாத்துக்கிடுங்க."

அன்றைக்கு ராச்சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளினார். "என்ன இது, ரசத்துல ஒரே பெருங்காய வாடை?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். தான் அப்படி என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல் அவர் விழித்தார்.